போடில் மறைத்து வைத்த எட்டாவது பத்தி

முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாத ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான் என்று நினைப்பீர்கள். கிடையாது. நம்மை நிமிர்ந்து பார்த்துக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் போன வருடம் செப்டம்பரில் போடில் கிராருப்பின் முகத்தில் பார்த்தேன். இவள் எதையோ மறைக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

போடில் எங்கள் துறைமுகத்துக் குளிர்காலக் குளியல் சங்கத்தின் செயலாளர். அறுபத்தேழு வயது. குட்டை உருவம், ஒட்ட வெட்டிய நரைமுடி. மூக்குக் கண்ணாடியைக் கழற்ற மறந்து சவுனா என்கிற சூட்டறைக்குள் போய், சூடேறிய அதன் கம்பியில் மூக்கைச் சுட்டுக்கொண்டு கத்துவது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். அவளுடைய கணவன் கப்பலில் சமையல்காரன். ஒரு தடவை நார்வேக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அவனுக்கும் யாராவது சமைச்சுப் போடணும்னு ஆசை இருந்திருக்கும்" என்பாள்.

செயலாளர் ஆவதற்கு முன் இருபத்தெட்டு வருடம் டாக்சி நிலையத்தில் ஃபோன் எடுத்தவள். எந்த வண்டி எந்தச் சவாரிக்குப் போக வேண்டும் என்று வரிசைப்படி அனுப்புவது அவள் வேலை. ஒரு ஓட்டுநர் விமான நிலையச் சவாரிக்கு ஆசைப்பட்டு அவளுக்கு ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்தானாம். அவள் அதை வாங்கி, "ஹென்னிங் எல்லாருக்கும் சாக்லேட் வாங்கித் தந்திருக்கான், வந்து எடுத்துக்குங்க" என்று வயர்லெஸ்ஸில் ஊருக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டாள். ஹென்னிங்கின் வண்டி அன்று வரிசைப்படி எட்டாவதாகத்தான் போனது. எங்கள் ஊரில் வரிசை என்றாலே போடில் பெயரைச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் மீது சந்தேகம் வந்ததுதான் இந்தக் கதை.

சங்கத்துக்குத் துறைமுகச் சுவரின் கடைசியில் கறுப்புத் தார் பூசிய ஒரு மரவீடு. உள்ளே பதினான்கு பேர் உட்காரும் சவுனா. வெளியே கடலுக்குள் நீளும் மரப்பாலம், அதன் நுனியில் இரண்டு ஏணிகள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காலையில் போய்க் கடலில் இறங்கி, உயிர் போவதுபோலக் கத்தி, ஏறி வந்து சவுனாவில் உட்கார்ந்து அடுத்தவர்களைப் பற்றிப் பேசுவோம். இடம் இருநூற்றிருபது பேருக்குத்தான். சேரக் காத்திருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் செத்தால், ஊர் மாறினால், முட்டி தேய்ந்தால்தான் ஓர் இடம் காலியாகும். இன்று பெயர் கொடுத்தால் ஒன்பது வருடம் ஆகும்.

அந்தப் பட்டியல் முழுவதும் போடிலின் கணினியில் ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. எண், பெயர், பதிவு செய்த நாள், ஃபோன், விலாசம், பிறந்த வருடம், நிலை என்று ஏழு பத்திகள். இடம் காலியானதும் அவள் அடுத்த எண்ணுக்கு ஃபோன் போட்டு, "உங்க முறை வந்துருச்சு" என்பாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கோப்பை வேறு யாரும் திறந்து பார்த்ததில்லை.

முதலில் வாயைத் திறந்தவன் எங்கள் தலைவன் டோர்கில். படகு இன்ஜின் விற்றுக் கடையை மகளுக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்தவன். பெரிய உடம்பு, பெரிய குரல். நிர்வாகக் குழுவில் நாங்கள் நான்கு பேர்: அவன், போடில், விதிகளைச் சரிபார்க்கும் நான், நகரசபையில் கணினி வேலை பார்க்கும் சிஸெல். அன்று சவுனாவில் அவனும் நானும் மட்டும் இருந்தோம்.

"ஐவின், ஏழு வருஷமா ஒண்ணு என் தொண்டையில நிக்குது" என்றான். "அந்த வருஷம் ஜனவரியில ஒரு இடம் காலியாச்சு. பழைய போஸ்ட்மாஸ்டர் ஊரை விட்டுப் போனார், ஞாபகம் இருக்கா? அடுத்த நம்பர் நான்தான். போடிலே டிசம்பர்ல என்கிட்ட சொன்னா, அடுத்தது நீதான்னு. துண்டுகூட வாங்கி வச்சேன். ஃபோன் வரவே இல்ல. அக்டோபர்லதான் கூப்பிட்டா."

"கேட்டியா?"

"கேட்டேன். போஸ்ட்மாஸ்டர் மனசு மாறி இடத்தை விடலன்னு சொன்னா. போன மாசம் அவர் ஊருக்கு வந்தப்ப சந்தையில பாத்தேன். அவர் மனசு மாறவே இல்லையாம்!"

சவுனா சூட்டிலும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒருவன் வரிசையைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறான். ஏழு வருடமாக எங்களோடு உட்கார்ந்து எங்கள் சூட்டில் குளிர் காய்கிறான். யார் அவன்? பல் டாக்டரா, பாங்க் மேனேஜரா, போடிலுக்குக் கேக் கொண்டுவந்து கொடுக்கும் அந்தப் பூக்கடைக்காரியா? அடுத்த ஒரு வாரம் நான் சவுனாவில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் என் பட்டியலில் ஏறினார்கள்.

வரிசையைத் தாண்டுகிறவர்களை எனக்கு ஆகாது. திருட்டைக்கூட மன்னித்துவிடுவேன். நானும் முறைப்படி காத்திருந்து வந்தவன். என் மனைவி கார்னா எப்போதோ எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதிப் போட்டிருந்தாள். அவள் இறந்த பிறகு ஒரு நாள் ஃபோன் வந்தது. அவளுக்குக் கிடைக்காத இடத்துக்கு நான் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். அந்த அருமை தெரிந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

செப்டம்பர் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். பட்டியல் ஒருவர் கையில் மட்டும் இருப்பது சரியில்லை. குழுவில் நான்கு பேரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். சிஸெல் உடனே, "அது சுலபம்" என்றாள். "நாம ஏற்கெனவே கூட்டக் குறிப்பு எழுதுற நோட்ஸ் ஆப் இருக்குல்ல, அதுக்கே அனுப்பிடலாம். ஷீட்ல ஒரு வரி, ஆப்ல ஒரு குறிப்பு. யாரும் எதையும் டைப் அடிக்க வேணாம். இனிமே ஷீட்ல ஒரு பேரைச் சேத்தாலும் அதுவா ஆப்ல வந்து நிக்கும்."

அப்போதுதான் போடில் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே.

"நல்லதுதான்" என்றாள். "ஆனா மிஷின் வேணாம். நானே உக்காந்து ஒவ்வொண்ணா ஏத்திடறேன்."

"நானூறு பேரையா?" என்றாள் சிஸெல்.

"எனக்கு என்ன வேலை? குளிர்காலம் பூரா இருக்கு."

ஐந்து நிமிடத்தில் இயந்திரம் செய்கிற வேலையைக் கையால் செய்கிறேன் என்று எவளாவது தானாக முன்வருவாளா? எதை விடலாம், எதை மாற்றலாம் என்று பார்க்கத்தான் கை கேட்கிறது. டோர்கில் என்னைப் பார்த்தான். நான் பையிலிருந்து முந்தைய நாளே எழுதி வைத்திருந்த தீர்மானத்தை எடுத்துப் படித்தேன். பட்டியலின் மூலக் கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒப்படைக்க வேண்டும். யாரையாவது வரிசை தாண்டிச் சேர்த்தது தெரிந்தால், சேர்த்தவர் பதவியை விட வேண்டும். சேர்ந்தவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

"கடைசியிலயா?" என்றாள் போடில். சிரிப்பு போய்விட்டது. "ஒம்பது வருஷம் ஐவின்."

"மத்தவங்க நின்னாங்கள்ல?"

மூன்று கைகள் உயர்ந்தன. போடில் கையை மேசை மேலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் புதன்கிழமை. அவள் கோப்பில் கை வைப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று மதியமே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். சமையலறை மேசையில் கணினி திறந்திருந்தது. பக்கத்தில் பாதி கடித்த ரொட்டி, மீன் ஊறுகாய். ஆகா, சரியான நேரத்தில் வந்தோம் என்று நினைத்தேன்.

"உக்காரு. காபி?"

"வேணாம். கோப்பு."

"ரயில்ல ஏறுன மாதிரியே வந்து நிக்கிறியே. உக்காருப்பா, அடுத்த ஸ்டேஷன் இன்னும் வரல."

உட்கார்ந்தேன். காபியும் குடித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து விரல்களைப் பின்னிக்கொண்டாள்.

"ஐவின், ஒண்ணு கேக்கவா? நான் செயலாளர் வேலையை விட்டுடறேன். நாளைக்கே எழுதித் தரேன். காரணம் எதுவும் கேக்காதீங்க. பட்டியலை நான் சுத்தமா ஒரு காப்பி எடுத்துத் தரேன். அதோட விட்டுடறியா?"

"அப்ப தப்பு நடந்திருக்கு."

"நடந்திருக்கு."

"யாரு?"

"அதைத்தான் கேக்காதேங்கறேன்."

"உள்ள வந்தவன் மட்டும் ஜாலியா குளிச்சுக்கிட்டு இருக்கணும், அப்படித்தானே? யார்கிட்ட எவ்வளவு வாங்கின போடில்?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சிவந்தது. கோப்பை ஒரு சிறிய பென் டிரைவில் ஏற்றி, துண்டுத் துணியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"நீ வேணாம்னு சொல்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

"டிக்கெட் இல்லாதவன் எல்லாரும் இதைத்தான் சொல்வான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சிஸெல் மரவீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவள் ஷீட்டைத் திறந்தாள். காத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்தாள், நானூற்றுப் பன்னிரண்டு பேர். நான் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். எந்தப் பத்தி எங்கே போக வேண்டும் என்று எதையோ இணைத்து, ஒரு பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான். மேசை மேல் இருந்த எங்கள் இருவரின் கைப்பேசியும் நடுங்கத் தொடங்கின. குறிப்பு மேல் குறிப்பாக வந்து விழுந்தது. இரண்டு காபி குடித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

"எத்தனை?" என்றேன்.

"அறுநூத்தி நாப்பத்தி மூணு."

"நானூத்திப் பன்னெண்டுதானே அனுப்பினோம்?"

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஷீட்டை மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு, "அட" என்றாள். "மறைச்சு வச்சிருக்காங்க. சேந்துட்டவங்க, செத்துட்டவங்க, வேணாம்னு போனவங்க வரியெல்லாம் அழிக்கல, கண்ணுக்குத் தெரியாம மடிச்சு வச்சிருக்காங்க. ஒரு பத்தியும் இருக்கு, எட்டாவது. மடிச்சு வச்சா நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது. மிஷின் எல்லாத்தையும் படிச்சிடும்."

போடில் மாலை வகுப்புக்குப் போய் எக்செல் கற்றவள். மறைப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மறைத்தது யாருக்கெல்லாம் தெரியும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

என் கைப்பேசியில் முதலில் வந்த இரண்டைப் பார்த்தேன். ஒருவரின் பெயருக்குக் கீழே: "காது மந்தம். கத்திப் பேச வேண்டும். கத்தினால் கோபித்துக்கொள்வார்." இன்னொருவருக்கு: "மகன் சிறையில். ஃபோனில் குடும்பம் பற்றிக் கேட்க வேண்டாம்."

"இதை நாம படிக்கக் கூடாது" என்றாள் சிஸெல். "அடுத்தவங்க சமாச்சாரம். சட்டப்படியும் வச்சிருக்கக் கூடாது. இப்பவே அந்தப் பத்தியை அழிச்சிடறேன்."

"கை வைக்காதே! சாட்சியம்."

"ஐவின், ப்ளீஸ்."

"நாளைக்கு நாலு பேரும் உக்காந்து திறப்போம். அதுவரைக்கும் நீயும் பாக்கக் கூடாது, நானும் பாக்க மாட்டேன். டோர்கில்கிட்டயும் சொல்லிடறேன்."

அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். அன்று மாலை என் கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நான் அவ்வளவு நேர்மையானவன், பாருங்கள்.

சனிக்கிழமை காலை குளியல் முடிந்து எல்லோரும் போனபின் நான்கு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். டோர்கில் வட்ட ரொட்டியும் சீஸும் வாங்கி வந்திருந்தான், யாரும் தொடவில்லை. சிஸெல் மடிக்கணினியை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தாள். போடில் கோட்டைக் கழற்றாமல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயே சொல்லிடலாமே போடில்" என்றான் டோர்கில். "எதுக்கு இந்தக் கூத்து?"

"என் வாயால சொல்ல மாட்டேன்."

"சரி. சிஸெல், தேடுற இடத்துல ஜனவரின்னு போடு."

அவள் தட்டினாள். இரண்டு குறிப்புகள் வந்தன. முதலாவது யாருடைய முட்டி அறுவை சிகிச்சையோ. இரண்டாவதைத் திறந்தாள். தலைப்பில் பெரிய எழுத்தில் பெயர் இருந்தது. ஐவின் தோருப்.

என் பெயர் அது. அந்த நொடியில்கூட எனக்குப் புரியவில்லை. இந்த இயந்திரம் குழப்பிவிட்டது, வேறு யாருடைய குறிப்பிலோ என் பெயரை ஒட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். சிஸெல் படிக்கவில்லை. யாருமே படிக்கவில்லை. நானே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டாவது வரியைப் படித்தேன்.

"318. ரயில்காரர். ஜனவரி 9, 10, 11 காலை ஏழு மணி, பாலத்தின் நுனியில் நிற்கிறார். கோட்டு, ஷூவோடு. கூப்பிட்டால் திரும்பவில்லை. 12 வரவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. 13 மறுபடி நிற்கிறார். 14 ஃபோன் செய்தேன். முறை வந்துவிட்டது என்றேன். நாளைக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றேன். இரண்டும் பொய். 97 காத்திருக்க வேண்டும். 97 தாங்குவார்."

முந்நூற்றுப் பதினெட்டு என் எண். தொண்ணூற்றேழு டோர்கில்.

சிஸெல் மூடப் போனவள் கை தவறி அடுத்த குறிப்பைத் திறந்துவிட்டாள். பட்டியலில் எனக்கு முந்தைய வரி. கார்னா தோருப், 317. பதிவு செய்த நாளைப் பார்த்தேன். நான் சேர்வதற்கு இரண்டே வருடத்துக்கு முன். எட்டாவது வரியில்: "இரண்டு இடம் கேட்கிறார். கணவர் தண்ணீருக்குப் பயப்படுவாராம். கழுத்தைப் பிடித்து இழுத்து வருவேன் என்கிறார். நவம்பரில் இறந்துவிட்டார், பேப்பரில் பார்த்தேன்."

கார்னாவின் குரல் அப்படியே கேட்டது. நான் அழுதேன். மூன்று பேருக்கு முன்னால், சீஸுக்கும் ரொட்டிக்கும் முன்னால் உட்கார்ந்து அழுதேன். முப்பத்து நான்கு வருடம் ஊரையெல்லாம் டிக்கெட் எங்கே, டிக்கெட் எங்கே என்று கேட்டவன், என்னுடையதை ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. உனக்கு முறை வந்தது என்று ஒருத்தி சொன்னாள், நம்பினேன். மற்ற யார் சொன்னாலும் தேதி கேட்டிருப்பேன்.

முதலில் பேசியவன் டோர்கில். எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் போடிலிடம். "நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"விதியைப் படிச்சிருப்ப. அதுக்குள்ள பதினஞ்சாம் தேதி வந்திருக்கும்."

"ஏழு வருஷமா உன்னைத் திருடின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்!"

"தெரியும். நீ ஏணியில இறங்குறப்ப என்னைப் பாக்குற பார்வையிலயே தெரியும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "டாக்சில ஓட்டுநருக்குத்தான் வரிசை டோர்கில். ஃபோன்ல அழுறவங்களுக்கு வரிசை கிடையாது. இருபத்தெட்டு வருஷம் அப்படித்தான் அனுப்பினேன். இவர் அழக்கூட இல்ல. அதான் பயம் வந்துச்சு."

டோர்கில் ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினான். திரும்பி வந்து, தீர்மானத்தைக் கிழித்துவிடலாம் என்றான். சிஸெல் தலையாட்டினாள்.

நான் கிழிக்க விடவில்லை. என்னைப் பிடிவாதக்காரன் என்று சொல்லுங்கள், சரிதான். ஆனால் அந்தக் காகிதத்தை எழுதும்போது அந்த ஆள் யாரென்று தெரியாமல்தானே எழுதினேன்? தெரிந்த பிறகு கிழித்தால், நான் ரயிலை விட்டு இறக்கிவிட்ட ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொத்திலிருந்து சங்கத்தின் சாவியைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். பதவியை விட வேண்டும் என்ற பாதியை மட்டும் அடித்துவிடுங்கள் என்றேன். போடில் ஒப்புக்கொள்ளவில்லை.

"நீ போறதானா நானும் போறேன். பட்டியலை சிஸெல் பாக்கட்டும். ஆனா உறுப்பினரா இருப்பேன், அதுக்கு நான் வரிசையில நின்னுதான் வந்தேன்."

அன்றே சிஸெல் எட்டாவது பத்தியை எல்லாக் குறிப்பிலிருந்தும் அழித்தாள். நான் கேட்டுக்கொண்டதால் 317இன் வரியை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதித் தந்துவிட்டு அழித்தாள். பிறகு ஷீட்டின் கடைசியில் என் பெயரைச் சேர்த்தாள். அவள் விரலை எடுப்பதற்குள் மூன்று கைப்பேசிகள் நடுங்கின. வரிசையில் நான் நானூற்றுப் பதின்மூன்றாவது ஆள். என்னுடையது நடுங்கவில்லை, அதற்குள் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்.

அக்டோபர் எப்படியோ போனது. நவம்பரில் முடியவில்லை. ஏழு வருடம் காலை ஏழு மணிக்குத் துறைமுகத்துக்கு நடந்த கால்கள், சாவி இல்லாவிட்டாலும் நடந்துவிட்டன. மரவீட்டுக்குள் போக முடியாது. பாலம் எல்லோருக்கும் பொது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டும் ஷூவுமாகப் பாலத்தின் நுனியில் போய் நின்றேன். எனக்குக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போடில் இருந்தாள். அவள் என்னைப் பார்த்ததும் ஏறி வந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பல் தந்தியடித்தது.

"மறுபடியும் கோட்டா?" என்றாள்.

"சாவி இல்ல."

"ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷமா கேக்காம வச்சிருக்கேன். பன்னெண்டாம் தேதி எங்க போன?"

நான் யோசித்தேன். "பல் டாக்டர்கிட்ட."

"பல் டாக்டரா!" அவள் சிரித்த சிரிப்பில் துண்டு நழுவியது. "நான் அன்னைக்குப் பூரா துறைமுகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருந்தியா?"

"கடைவாய்ப் பல்."

அவள் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மத்த நாள்?"

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கார்னாவின் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

"மத்த நாளெல்லாம் நீ நெனச்சது சரிதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தெரிந்த சவாரிக்கு விலாசம் குறித்துக்கொள்வதுபோல, அவ்வளவுதான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோட்டைக் கழட்டு" என்றாள்.

"நான் உறுப்பினர் இல்ல போடில்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உறுப்பினர் ஒரு விருந்தாளியைக் கூட்டிட்டு வரலாம். பதினொண்ணாவது விதி."

"மாசத்துக்கு ஒரு தடவைதான்."

"அப்படின்னா மத்த ஞாயிறுக்கெல்லாம் டோர்கில், சிஸெல், பூக்கடைக்காரி. என்னையும் சேத்து நாலு உறுப்பினருங்க பேர் குடுத்திருக்கோம். நாலு ஞாயிறு, நாலு பேரு. நானே வரிசை போட்டு வச்சிருக்கேன்."

ஐந்தாவது ஞாயிறு வரும் மாதத்தில் என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள். குளிர் உள்ளே புகுந்தது. நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன்.